மரத்தில் முதலீடு: எங்களைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?

வாசுகி, பெரம்பூர்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை மூலக்கொத்தளத்தில் சிறிய மரக்கடை வைத்திருந்தவர். அறுத்த தேக்கின் வாசனையில் வளர்ந்ததாலோ என்னவோ, கையில் நாலு காசு சேர்ந்தால் நகையைவிட, மனையைவிட, மரத்தின் மேல்தான் என் மனம் போகிறது. சென்ற மாதம் ஆயுள் காப்பீடு முதிர்ந்து 8 லட்சம் ரூபாய் வந்தது. அதை அறிந்த உறவினர் ஒருவர், ஊத்துக்கோட்டைப் பக்கம் 10 சென்ட் நிலத்தையும் அதில் நட்ட 40 மகோகனி மரங்களையும் சேர்த்து 7,50,000 ரூபாய்க்குத் தரும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். 12 ஆண்டுகள் அவர்களே பராமரிப்பார்களாம். அதன்பின் மரத்துக்கு 50,000 ரூபாய் வீதம் 20 லட்சம் கிடைக்குமாம், நிலமும் நம் பெயரிலேயே நிற்குமாம்.

தாளைப் படித்தபோது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மரம் விற்று வாழ்ந்த என் தந்தை ஒரு நாளும் இவ்வளவு உறுதியாக ஒரு மரத்துக்கு விலை சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்து கையெழுத்துப் போடாமல் நிறுத்தியிருக்கிறேன். இந்தத் திட்டத்தைப் பற்றியும், இதை விட்டால் சாதாரணக் குடும்பத்தினர் மரத்தில் பணம் போட வேறு என்ன வழிகள் உள்ளன என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சுந்தரம், சைடனாம்ஸ் சாலை

அம்மா வாசுகி, முப்பத்தோராவது ஆண்டாக மரவாடி நடத்துகிறேன். உங்கள் தந்தையின் தொழில்தான் என் தொழிலும் என்பதால் கடைக்காரர் கணக்கிலேயே சொல்கிறேன்.

வாடிக்கு வரும் தடியை நாங்கள் எப்படி அளக்கிறோம் என்பதை நீங்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். தடியின் நடுவில் நூலைச் சுற்றிப் பிடித்து, அந்த நூலை நான்காக மடித்து, மடித்த அளவை அதே அளவால் பெருக்கி, பின் தடியின் நீளத்தால் பெருக்கினால் கன அடி. ஹாப்பஸ் கணக்கு என்பது இதுதான். சுற்றளவு 48 அங்குலம் என்றால் நான்கில் ஒன்று 12 அங்குலம், அதாவது ஓர் அடி; நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. உருண்டையின் உண்மையான கன அளவில் ஏறக்குறைய 78 விழுக்காடுதான் இந்தக் கணக்கில் வரும். பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும் மீதியை விட்டுக்கொடுப்பது தொழிலின் பழைய வழக்கம்.

இப்போது அதே 10 அடித் தடியின் சுற்றளவு 24 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்று 6 அங்குலம், அரை அடி. அரையை அரையால் பெருக்கினால் கால். ஆக 2.5 கன அடி. சுற்றளவு பாதியானதும் மரம் கால் பங்காகிவிட்டது. மரத்தொழிலின் இலாபமும் நட்டமும் இந்த ஒரு கணக்கில் இருக்கின்றன. இளமரத்தை வெட்டுகிறவன் பாதி மரத்தை இழக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறான். உண்மையில் முக்கால் மரத்தை இழக்கிறான்.

உங்கள் மகோகனிக்கு வருவோம். 12 ஆண்டில், நல்ல மண்ணில், கிளையில்லாத 12 அடி நீளத்துக்கு 32 அங்குலச் சுற்றளவு வந்துவிடும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நூலை மடித்தால் 8 அங்குலம். கணக்குப் போட்டால் 5.33 கன அடி. அந்த மரம் 50,000 ரூபாய்க்குப் போக வேண்டுமானால் கன அடிக்கு ஏறத்தாழ 9,400 ரூபாய் கிடைக்க வேண்டும். 12 வயது மகோகனித் தடிக்கு அதில் கால் பங்கு விலையைக்கூட யாரும் கொடுத்து நான் கண்டதில்லை. அதுவும் வாடி வாசலில் தரும் விலை. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாவற்றையும் அதிலிருந்து கழித்த பிறகுதான் மரத்துக்கு உடையவரின் கைக்குப் பணம் வரும்.

அடுத்தது வைரம். நடுவில் வைரம் பாய்ந்த, அதாவது முற்றிக் கெட்டியான, பகுதிக்குத்தான் விலை. அதைச் சுற்றியுள்ள வெள்ளையைப் பூச்சி அரிக்கும், தச்சர் கழித்துவிடுவார். தேக்கு இருபதாவது வயதில் பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும். குறுக்கே அறுத்தால் வெள்ளை வளையத்துக்குள் வைரம் இன்னும் முழுதாகப் பருத்திருக்காது. 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்ட காலத்திலிருந்து, வனத்துறையினர் தேக்குக்கு அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் காலம் வைத்தது இதனால்தான். மேலும், 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்தியபின், ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தோட்டத்தில் வளர்ந்த இளந்தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. நம் ஊரில் 15, 20 ஆண்டுத் தேக்கை வெட்டுகிறவர் அந்தத் தடியோடு விலையில் போட்டியிட வேண்டும் என்பதை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவொற்றியூர்

சகோதரி, 1990களில் தேக்குப் பத்திரம் வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். 1994இல் மரம் ஒன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் பத்து மரங்களுக்குக் கட்டினேன். இருபது ஆண்டில் மரத்துக்கு 50,000 ரூபாய் தருவதாக வாக்களித்தார்கள். அப்போது பொது வருங்கால வைப்பு நிதிக்கு அரசே 12 விழுக்காடு வட்டி தந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு நான் மரத்துக்குப் போனேன். ஆயிரம் ஐம்பதாயிரமாக வேண்டுமானால் ஆண்டுக்கு 21 விழுக்காட்டுக்கு மேல் இடைவிடாமல் வளர வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டு வட்டி நடத்திய நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பச்சை மையில் அச்சிட்ட அந்தப் பத்திரத்தில் 411 முதல் 420 வரை மரங்களின் எண்கள் இருந்தன. 1997இல் ஒரு விடுமுறை நாளில் பேருந்து பிடித்து அந்த இடத்துக்கே போனேன். செம்மண் சரளையில் என் மார்பு உயரத்துக்குக் கன்றுகள் நின்றன. எந்தக் கன்றிலும் எண் இல்லை. என் பத்து மரங்கள் எவை என்று காவலாளியிடம் கேட்டபோது, அவர் கையை அகல விரித்து முழு வயலையும் காட்டினார். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் கதவு மூடியது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, பல ஆண்டுகள் கழித்து நான் கட்டியதில் ஒரு சிறு பகுதி திரும்பியது. ஊத்துக்கோட்டைக்கு நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் நாற்பது மரங்கள் எவை என்று கேளுங்கள்.

நிர்மலா, கணக்காளர், தண்டையார்பேட்டை

ஆசிரியர் ஐயா சொன்ன அந்தக் காலத்து நிகழ்வுகளால்தான் சட்டம் வந்தது. தோட்டப் பத்திரங்களைக் கூட்டு முதலீட்டுத் திட்டங்களாகக் கருதி, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான செபியின் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதாக 1997 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 1999இல் விதிமுறைகள் வந்தன. செபி சட்டத்தின் 11ஏஏ பிரிவு இத்திட்டத்தை இப்படி அடையாளம் காண்கிறது: பலருடைய பணம் ஒன்றாகச் சேர்க்கப்படுகிறது, இலாபத்தை எதிர்பார்த்துப் போடப்படுகிறது, வேறொருவர் அதை நிர்வகிக்கிறார், பணம் போட்டவருக்கு அன்றாட நிர்வாகத்தில் கை இல்லை. இவை பொருந்தினால் செபியின் பதிவு இல்லாமல் அத்திட்டத்தை நடத்தக் கூடாது. 2014இல் செய்த திருத்தத்தின்படி, செபியிடம் பதிவு பெறாமலும் வேறு ஒழுங்குமுறைக்கு உட்படாமலும் 100 கோடி ரூபாயோ அதற்கு மேலோ திரட்டினாலே அது கூட்டு முதலீட்டுத் திட்டமாகக் கருதப்படும்.

உங்களிடம் வந்தது போன்ற திட்டங்களில் நிலத்தைத் தனியாகப் பத்திரப் பதிவு செய்துகொடுத்து, மரத்துக்குத் தனியே ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் போடுவார்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியே படியுங்கள். நிலம் நான்கு எல்லைகளுடன் உங்களுக்குத் தனிப் பட்டாவாக வருகிறதா, அல்லது பெரிய நிலத்தில் பிரிக்கப்படாத பங்காக வருகிறதா? வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் மரங்கள் ஏறியிருக்கின்றனவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் 50,000 ரூபாய் என்ற எண் இருக்கிறதா, விளம்பரத் தாளில் மட்டும்தான் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்காது.

இன்னொன்று. அவர்கள் சொல்வது அத்தனையும் நடந்தாலும் 7,50,000 ரூபாய் 12 ஆண்டில் 20 லட்சமாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 8.5 விழுக்காடு வளர்ச்சிதான். நிலம் மிஞ்சுவது உண்மை. ஆனால் நிலம்தான் இலாபம் என்றால் அதை நிலம் என்ற பெயரிலேயே, அந்த ஊர் விலையில் வாங்கலாமே. மரத்தின் பெயரைச் சொல்லி நிலத்தின் விலை எவ்வளவு ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பக்கத்து வயல்காரரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

மர வருமானத்துக்கு வரியே கிடையாது என்றும் முகவர் சொல்லியிருப்பார். உழுது, நட்டு, களையெடுத்து வளர்த்த மரத்தின் வருமானம்தான் விவசாய வருமானம் என்று ராஜா பினோய் குமார் சகாஸ் ராய் வழக்கில் 1957இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தானாக முளைத்து வளர்ந்த காட்டு மரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நிலம் உங்களுடையதாக இருந்து சாகுபடியும் உங்களுக்காக நடந்தால் சலுகையைக் கேட்கலாம். நிறுவனம் சம்பாதித்து அதில் ஒரு பங்கை உங்களுக்கு அனுப்பினால், அனுப்புகிறவர் விவசாயம் செய்தார் என்பதற்காக உங்கள் கையில் அது விவசாய வருமானமாகிவிடாது.

அன்வர், வியாசர்பாடி

நிலமும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம் என்றால் பங்குச் சந்தை இருக்கிறதே. கரூர் அருகே காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், பள்ளிபாளையத்துச் சேஷசாயி காகித நிறுவனம், ஒட்டுப்பலகையில் செஞ்சுரி, கிரீன்பிளை என்று மரத்தை நம்பி நடக்கும் நிறுவனங்கள் பலவும் சந்தையில் உள்ளன. செஞ்சுரியின் ஆலை ஒன்று நம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. ஒரே ஒரு பங்கு வாங்கிக்கூடத் தொடங்கலாம், வேண்டாமென்றால் மறுநாளே விற்கலாம். நான் சில ஆண்டுகளாக இவற்றில் சிலவற்றை வைத்திருக்கிறேன்.

சுந்தரம், சைடனாம்ஸ் சாலை

அன்வர் தம்பி, நீங்கள் சொன்னவை நல்ல நிறுவனங்களாக இருக்கலாம், பங்கு வாங்குவதும் தவறில்லை. ஆனால் அவர்கள் மரத்தை வாங்குகிறவர்கள். சவுக்குக்கும் தைலமரத்துக்கும் விலை ஏறினால் பொன்னேரி விவசாயி மகிழ்வார்; காகித ஆலையின் செலவு கூடி இலாபம் குறையும். மரவிலை ஏறும் என்று நம்பி அந்தப் பங்கை வாங்குவது, அரிசி விலை ஏறும் என்று நம்பி உணவகத்தை விலைக்கு வாங்குவது போல. காகிதபுரத்து ஆலையின் முதன்மை மூலப்பொருளாகத் தொடக்கத்தில் வைக்கப்பட்டதே கரும்புச் சக்கைதான்.

அன்வர், வியாசர்பாடி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. மரக்கூழின் விலை ஏறிய ஆண்டில் ஏன் என் பங்கு இறங்கியது என்று புரியாமல் இருந்தது. இது மர முதலீடு அல்ல, தொழிற்சாலை முதலீடு என்று திருத்திக்கொள்கிறேன்.

தாமோதரன், பழவேற்காடு சாலை, பொன்னேரி

ஐந்து ஏக்கரில் சவுக்குப் போடுகிறேன். மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு 4,000 கன்று. மணல் கலந்த நிலம். வேர் முடிச்சுகள் தழைச்சத்தைத் தாமே பிடித்துக்கொள்வதால் உரச்செலவு குறைவு. மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வெட்டலாம். தடித்தது காகித ஆலைக்கு, நேராக நீண்டது சாரத்துக்கும் பந்தலுக்கும், மிச்சம் விறகுக்கு என்று மூன்று வகையில் போகும் என்பதால் ஒன்றில் விலை இல்லாவிட்டால் மற்றொன்றில் தள்ளலாம். நெல்லைப் போல அறுவடை நாள் வந்து கழுத்தைப் பிடிக்காது. இந்த ஆண்டு விலை இல்லையென்றால் அடுத்த தைக்கு வெட்டலாம்; நிற்கிற வரைக்கும் பருத்துக்கொண்டுதான் இருக்கும். மரத்தின் அருமை அதில்தான் என்று நினைத்திருந்தேன்.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. அன்று காலையில் என் மூன்றாண்டுச் சவுக்கு இருபத்தைந்து அடி உயரத்தில் நின்றது. மாலையில் காற்று ஓய்ந்ததும் வரப்பில் ஏறிப் பார்த்தேன். பாதித் தோப்பு இடுப்பளவில் முறிந்து ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது; முறிந்த இடமெல்லாம் வெள்ளையாக நார் நாராகத் தெரிந்தது. விழுந்த சவுக்கை விட்டுவைக்க முடியாது. மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஆள் தேடினோம், லாரி தேடினோம். வெட்டுக்கூலி ஏறியது, வாங்குகிற விலை விழுந்தது. தேக்கோ மகோகனியோ என்றால் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை டிசம்பர்களைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள் அக்கா. அந்த ஒப்பந்தத்தில் புயலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

பிரான்சிஸ், எண்ணூர்

கப்பல் சரக்கு அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக அமெரிக்காவின் காட்டு நிறுவனங்களில் சிறு தொகை போட்டுவருகிறேன் என்பதால் அந்த வழியைப் பற்றி எழுதுகிறேன்.

அங்கே காட்டு நிலத்தையே உடைமையாகக் கொண்ட நிறுவனங்கள், சொத்தின் வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ரீட் (REIT) என்ற அமைப்பில் சந்தையில் பட்டியலிடப்பட்டுள்ளன. 1900இல் தொடங்கிய வேயர்ஹவுசர் இவற்றில் பெரியது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் வைத்திருக்கிறது. இவற்றின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. பிளம் கிரீக் 2016இல் வேயர்ஹவுசரோடு சேர்ந்தது, கேட்ச்மார்க் 2022இல் பாட்லாச்டெல்டிக்கோடு சேர்ந்தது, பாட்லாச்டெல்டிக்கும் ரேயோனியரும் இணைவதாக 2025 அக்டோபரில் அறிவித்தன. தனி நிறுவனம் வேண்டாம் என்பவர்களுக்கு பல நிறுவனங்களின் பங்குகளை ஒரே தொகுப்பாகச் சந்தையில் வாங்கும் ஈ.டி.எஃப். என்ற வழி உண்டு; இன்வெஸ்கோ, ஐஷேர்ஸ் பெயர்களில் இத்தகைய இரண்டு தொகுப்புகள் முறையே 2007, 2008ஆம் ஆண்டுகளில் தொடங்கின. ஆனால் அவற்றின் உள்ளே காட்டுக்காரர்களோடு காகிதம், அட்டைப்பெட்டி செய்கிறவர்களும் கலந்திருக்கிறார்கள். சுந்தரம் ஐயா அன்வருக்குச் சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. 2021 மே மாதத்தில் சிகாகோ சந்தையில் அறுத்த மரத்தின் விலை ஆயிரம் பலகை அடிக்கு (ஓர் அடி நீள அகலமும் ஓர் அங்குலக் கனமும் கொண்ட பலகை ஒரு பலகை அடி) 1,600 டாலரைத் தாண்டியது. நான் வைத்திருந்த காட்டுப் பங்குகளும் அதே வேகத்தில் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். ஏறின, ஆனால் அந்த வேகம் இல்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் பலகை விலை 400 டாலருக்கும் கீழே வந்தது. காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கியது: விலை ஏறியது அறுத்த பலகைக்கு; அமெரிக்கத் தென் மாநிலங்களில் நிற்கிற பைன் மரத்துக்கு அல்ல. இலாபம் அறுவை மில்களிடம் தங்கிவிட்டது. அங்கே 1980களின் பிற்பகுதியில் அரசு உதவியோடு ஏராளமான விளைநிலங்களில் பைன் நட்டார்கள். 2008இல் வீடு கட்டும் தொழில் வீழ்ந்தபோது காட்டுக்காரர்கள் விலை வரட்டும் என்று வெட்டாமல் நிறுத்தினார்கள். எல்லோரும் ஒன்றாகக் காத்திருந்ததால், வெட்டாத மரம் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக் குவிந்து, அந்தக் குவியலே பத்தாண்டுக்கு மேலாக விலையை எழவிடாமல் வைத்தது.

தாமோதரன் அண்ணன் சொன்ன 'அடுத்த தைக்கு வெட்டலாம்' என்பது மரத்தின் மிகப் பெரிய பலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பக்கத்துத் தோப்புக்காரர் அத்தனை பேரும் அடுத்த தைக்கே காத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிர்மலா, கணக்காளர், தண்டையார்பேட்டை

பிரான்சிஸ் சொன்ன வழியில் போகிறவர்களுக்குச் சில விவரங்கள். ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை முதலீட்டுக்காக அனுப்பினால் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் இல்லை, வாசுகியின் தொகை அதற்குள் அடங்கிவிடும். ஈவுத்தொகையில் 25 விழுக்காட்டை அமெரிக்காவிலேயே பிடித்துக்கொள்வார்கள். இங்கே வரி கட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்ற இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணையைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். ஒரு பங்கு வைத்திருந்தாலும் விட்டுவிடக் கூடாது. முதலீட்டாளர் இறக்க நேர்ந்தால் 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு அந்நாட்டு மரண வரி உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை.

வாசுகி, பெரம்பூர்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சுந்தரம் ஐயா, ஓர் ஐயம். என் சித்தப்பா ஒருவர் மகோகனியை விட்டுவிட்டுச் செம்மரம் போடு, சந்தனம் போடு, அதற்குக் கன அடிக் கணக்கு வேண்டாம், கிலோக் கணக்கு என்கிறார்.

சுந்தரம், சைடனாம்ஸ் சாலை

விலை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் உங்கள் விருப்பப்படி வெட்டி உங்கள் விருப்பப்படி விற்க முடியாத மரங்கள் அவை. இரண்டுக்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும். செம்மரம் 1995 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புவது எளிதல்ல. சந்தனத்துக்குக் காவல் செலவே ஒரு குடும்பச் செலவு. தூர இடத்தில் இருந்துகொண்டு பெரம்பூர்க்காரர் செய்யக்கூடியது அல்ல.

இந்த உரையாடல் திரியில் எழுதியவர்கள் அனைவரும் வேறு வேறு சொற்களில் ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மரத்தை எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்கும் உரிமைதான் மர முதலீடு. கோடரி யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆசிரியர் ஐயா வாங்கிய பத்திரத்தில் கோடரி நிறுவனத்தின் கையில் இருந்தது. அன்வரின் ஆலைக்கு மற்றவர் வெட்டித் தரும் மரம்தான் வேண்டும். தாமோதரன் தம்பியின் கையில் கோடரி இருந்தது, ஒரு நாள் மட்டும் காற்று பிடுங்கிக்கொண்டது. பிரான்சிஸ் வாங்கிய பங்கில், கோடரியைச் சம்பளத்துக்கு வைத்த மேலாளர் பிடித்திருக்கிறார். அவர் பொறுமைசாலி, ஆனால் அவரிடம் நாம் பேச முடியாது. உங்களுக்கு எழுதித் தந்திருக்கும் ஒப்பந்தத்தில் பன்னிரண்டாம் ஆண்டில் வெட்டியே தீர வேண்டும் என்று இருந்தால், மரம் பருக்கத் தொடங்கும் வயதில் அதை விற்கச் சொல்கிறார்கள் என்று பொருள். 32 அங்குலம் 48 அங்குலம் ஆகும்வரை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வாசுகி, பெரம்பூர் — மூன்று வாரங்களுக்குப் பின்

நேரில் போய் வந்தேன். தந்தையின் பழைய நூல்கண்டை எடுத்துக்கொண்டு போனேன். நுனியில் அவர் போட்ட முடிச்சு இன்னும் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நட்ட மாதிரித் தோட்டம் என்று ஒரு பகுதியைக் காட்டினார்கள். இலை பளபளவென்று இருந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருப்பதிலேயே பெரிய மரத்தை அவர்களையே காட்டச் சொல்லி மார்பு உயரத்தில் நூலைச் சுற்றினேன்: 14 அங்குலம். நான்காக மடித்தபோது மூன்றரை அங்குலம்தான். பத்தடி நீளத்துக்கு ஒரு கன அடி தேறவில்லை. இன்னும் ஏழு ஆண்டில் இது 50,000 ரூபாய் மரமாகிவிடுமா என்று கேட்டேன். மண்ணையும் மழையையும் பொறுத்தது என்றார்கள். அதுதான் உண்மையான விடை. அந்த உண்மை தாளில் இல்லை. ஒப்பந்தத்தில், நிர்மலா சொன்னபடி, 50,000 என்ற எண் எங்கும் இல்லை. நிலம் பிரிக்கப்படாத பங்கு. புயலால் ஏற்படும் இழப்பு வாங்கியவரைச் சேரும் என்று ஒரு வரி இருந்தது. வெட்டும் ஆண்டை நிறுவனமே முடிவு செய்யும் என்று அடுத்த வரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உறவினருக்கு மனவருத்தம்தான். இந்தத் திரி முழுவதையும் அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

8 லட்சத்தில் 6 லட்சத்தைப் பிள்ளைகளின் படிப்பு வரும் ஆண்டுகளுக்கென வங்கி வைப்பில் போட்டுவிட்டேன். அது மரத்துக்குப் போகக் கூடாத பணம். தேவை வந்து நிற்கும் நாளில் கோடரி என் கையில் இருந்தும் காத்திருக்க முடியாமல் போய்விடும். ஒரு லட்சத்தை, பிரான்சிஸ் அண்ணன் சொன்ன காட்டு நிறுவனங்களில், இரண்டு மூன்று தவணைகளாகப் போட எண்ணுகிறேன்.

மீதியைப் பற்றித் தாமோதரன் தம்பியிடம் கேட்க வேண்டும். பெரியபாளையம் அருகே என் தாயின் பங்காக வந்த 30 சென்ட் நிலம் பல ஆண்டுகளாகத் தரிசாகக் கிடக்கிறது. பட்டா என் பெயரில் இருக்கிறது, கிணறு பக்கத்துக்காரரோடு பொதுவானது. அதில் மலைவேம்பு போடலாமா? ஒட்டுப்பலகை ஆலை கும்மிடிப்பூண்டியில் இருப்பதால் வண்டி வாடகை குறையும் என்று நினைக்கிறேன்.

தாமோதரன், பழவேற்காடு சாலை, பொன்னேரி

போடலாம் அக்கா, ஆனால் முதலில் ஒன்றைச் சோதியுங்கள். மலைவேம்புக்கு வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த நிலத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று பக்கத்துக்காரரிடம் கேளுங்கள். மூன்று நாளுக்கு மேல் நின்றால் வயலில் வேண்டாம், மேட்டு வரப்பில் மட்டும் பத்தடிக்கு ஒன்றாகப் போடுங்கள். தண்ணீர் வடிகிற நிலம் என்றால் 12 அடிக்கு 12 அடி வையுங்கள். முழு நிலத்துக்கும் கணக்குப் போட்டால் 30 சென்டில் 90 கன்று அளவில் பிடிக்கும், எல்லையில் விடும் இடத்தைக் கழித்தால் அதைவிடக் குறையும். பக்கத்து வயலின் எல்லையிலிருந்து பத்தடியாவது உள்ளே தள்ளி நடுங்கள், நிழல் விழுகிறது என்று பின்னால் சண்டை வரக் கூடாது. முதல் இரண்டு ஆண்டு பக்கக் கிளைகளை இளசாக இருக்கும்போதே கழித்துவிட வேண்டும். கணு இல்லாத தடிக்குத்தான் ஒட்டுப்பலகை ஆலையில் விலை. இடைவெளியில் அந்த இரண்டு ஆண்டும் உளுந்து போடலாம். நட்டது மலைவேம்பு என்று அடங்கலில் எழுதச் சொல்லிவிடுங்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இந்த மரத்தைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள், கன்று வாங்கும் முன் ஒரு முறை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பெரியபாளையம் வருகிறேன். மண்ணை மூன்று இடத்தில் ஒன்றரை அடி தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பட்டா நகலை எடுத்துக்கொண்டு, கிணற்றுக்காரரையும் அழைத்து வாருங்கள். தண்ணீர் முறையை அன்றைக்கே பேசி எழுதிக்கொள்வது நல்லது.